ஏழாவது கதையின் கடைசி நான்கு பக்கங்கள்

உங்களிடம் நேராகவே கேட்கிறேன். "இப்போது புத்தகத்தைத் தொடாதே" என்று உங்கள் வீட்டில் எந்தப் பெண்ணிடமாவது யாராவது சொல்லியிருக்கிறார்களா, இல்லையா? சொன்னவர் நீங்கள் இல்லையென்றால், அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தவர் நீங்களா? பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். சொர்ணத்தைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள்.

சொர்ணத்துக்கு இப்போது இருபத்தேழு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்விசிறி செய்யும் ஒரு கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறாள். கணவன் எத்திராஜ் அதே எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறான். மேனாம்பேட்டில் ஒற்றை அறை வீடு, இரண்டு பிள்ளைகள். அதையெல்லாம் பற்றி அவள் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்கு வேண்டியது ஆங்கிலப் புத்தகம் ஒன்றிலிருந்து நான்கு பக்கங்கள். பன்னிரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

1966இல் அவள் பத்தாம் வகுப்பு. அப்பா வீராசாமியும் அம்மா அங்கம்மாவும் நூம்பலில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். அந்தத் தெருவிலிருந்து பஸ் ஏறி பூந்தமல்லிக்குப் போய்ப் படித்த முதல் பெண் அவள்தான். ஆங்கிலப் பாடத்தில் நான்டீடெயில் என்று கதைப் புத்தகம் ஒன்று உண்டு. மற்ற ஆசிரியர்கள் கதையைத் தொடவே மாட்டார்கள். பத்து வரியில் சுருக்கத்தை எழுதிப்போட்டு உருப்போடச் சொல்வார்கள். பரீட்சைக்கு அது போதும். ஞானம்மாள் டீச்சர் அப்படியில்லை. வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரத்தில் கதையை வரி வரியாக வாசிப்பார். மணி அடித்தால், எந்த இடமானாலும் சரி, புத்தகத்தை மூடிவிடுவார்.

"மிச்சம் அடுத்த வெள்ளி. யாரும் முன்னால படிக்கக் கூடாது. படிச்சா உங்களுக்குத்தான் நஷ்டம்."

சொர்ணம் படிக்கவில்லை. சொன்ன சொல்லை மீறத் தெரியாத பெண்.

புத்தகத்தின் ஏழாவது கதை ஏதோ குளிர் தேசத்தில் நடப்பது. ஆற்றங்கரையில் ஓர் ஓடக்காரன். அவனுடைய அப்பனைப் பண்ணைக்காரன் ஒருவன் சவுக்கால் அடித்தே படுக்கையில் தள்ளியிருந்தான். மழைக்காலத்தில் நம் ஏரி நிரம்புவது போல, பனிக்காலத்தில் அந்த ஆறு உறைந்து பாறையாகிவிடும். வண்டியே மேலே போகும். ஆற்றின் மேல் தனியாக வந்த பண்ணைக்காரனின் வண்டி, பனி உடைந்து நடு ஆற்றில் விழுகிறது. கரையில் நிற்பது ஓடக்காரன் மட்டும். அவன் கையில் கயிறு இருக்கிறது. மூன்றாவது வெள்ளிக்கிழமை மணி அடித்தது அந்த வரியில்தான்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது தோழி ராணி விடவில்லை. ராணியின் அப்பா பஸ் கண்டக்டர். இரண்டு பெண்களும் ஒரே புத்தகத்தை ஆளுக்குப் பாதி விலை போட்டு வாங்கி வாரம் ஒருத்தியாக வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடி, கயித்தப் போடுவான்றியா?"

"போடக் கூடாது. அவங்கப்பன் முதுவு இன்னா பாடு பட்டுச்சி."

"போட்டுட்டா?"

"போட்டா அவன் பெரிய மனுசன்."

"ரெண்டுல எதாவது ஒண்ண சொல்லுடி."

"அட்த்த வெள்ளிக்கெயம சொல்றேன்."

அடுத்த திங்கட்கிழமை அவள் வயதுக்கு வந்தாள். வீட்டுக்குப் பின்னால் ஓலைக் குச்சு கட்டி உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனிப் பாய். உடம்பு வளர்ந்ததற்குத் தண்டனையாகப் பதினாறு நாள் சிறை. அதற்குப் பெயர் மங்களம். வெள்ளிக்கிழமை வந்து போனது. அந்தக் கடைசி மணி நேரம் முழுக்க ஓலை இடுக்கு வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

சனிக்கிழமை ராணி வந்தாள். அங்கம்மா வயலுக்குப் போயிருந்த நேரம். அக்கம்பக்கத்தில் ஆளில்லை. ராணி ஓலையை விலக்கிப் புத்தகத்தை உள்ளே நீட்டினாள்.

"படி. நான் இங்கியே குந்திகினு கீறேன். யார்னா வந்தா இருமுறேன்."

சொர்ணம் கையை நீட்டினாள். அட்டை விரலில் படப்போகும் சமயம் கையை இழுத்துக்கொண்டாள்.

"வோணாம்டி. தீட்டு. சரஸ்வதி கோச்சிக்கினா பரிச்ச பூடும்."

"லூசாடி நீ? ஆருக்குத் தெரியப் போவுது?"

"அதுக்குத் தெரியும்ல."

"சரி, நான் படிச்சிக் காட்றேன், கேளு."

"அதுவும் வோணாம். பதினாறு நாளுதானே. தலைக்குத் தண்ணி ஊத்தினப்புறம் நானே படிச்சிக்கிறேன்."

"உன்ன மாதிரி ஒரு தத்தியை நான் பாத்ததே இல்ல" என்று திட்டிவிட்டு ராணி புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

குச்சுக்குக் காவல் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். காவலை அந்தப் பெண்ணின் மண்டைக்குள்ளேயே நட்டு வைத்திருந்தார்கள். படிப்பு வேண்டாம் என்று அவள் கையை இழுக்கவில்லை. படிப்பு போய்விடக் கூடாதே என்றுதான் இழுத்தாள். கல்விக்கு ஒரு தெய்வம், அது பெண் தெய்வம், அதற்குப் பெண்ணின் உடம்பு ஆகாது: இதைக் கட்டியவன் எவனோ, கெட்டிக்காரன்தான்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். மாமன் புடவை வந்தது. மறுநாள் பள்ளிக்குக் கிளம்பி நின்றவளிடம் அங்கம்மா பையைப் பிடுங்கி உறியில் மாட்டினாள்.

"வயசுக்கு வந்தவ பஸ்ஸு ஏறிப் போயி கலெக்டரு ஆவப் போறியா? நாளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா நான் ஊர்ல தலகாட்ட முடியுமா? ஊட்ல கெட."

வீராசாமி வாய் திறக்கவில்லை. ஞானம்மாள் டீச்சர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். பயனில்லை. பள்ளிக்கூடச் சிநேகமே வேண்டாம் என்று ராணியையும் அங்கம்மா வாசலோடு திருப்பி அனுப்பினாள். அந்த ஜூனில் ராணியின் அப்பாவுக்குத் தாம்பரத்துக்கு மாற்றலானது. புத்தகமும் அவர்களோடு போய்விட்டது.

அதற்குப் பிறகு ஓடக்காரன் சொர்ணத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கிறான். வீராசாமியை நிலக்காரர் களத்தில் எல்லார் முன்னாலும் அறைந்த அன்று, அவன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான். தலைப்பிள்ளை பிறந்து பிழைக்குமா என்று மூன்று நாள் கிடந்தபோது, யாருக்கென்று பார்க்காமல் வீசினான். இரண்டுமே தான் எழுதியது என்று அவளுக்குத் தெரியும். புத்தகத்தில் இருப்பது வேறாகவும் இருக்கலாம்.

எத்திராஜிடம் ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"இதுக்கு இன்னாம்மே ரோசன? போட்டுருப்பான். இல்லாங்காட்டி புள்ளிங்களுக்குப் பாடமா வெப்பானுங்களா?"

"அதான்யா எனக்கும் பயமா கீது."

மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளுக்கு நான்கு தடவை போனாள். அங்கே நடப்புப் பாடப் புத்தகம்தான் கிடைக்கும். பாடத்திட்டம் மாறினால் பழசெல்லாம் பொட்டலம் மடிக்கப் போய்விடும். வெறுங்கையோடு திரும்பினாலும் ஆங்கிலத்தை அவள் விடவில்லை. கம்பெனியில் ஒட்டும் நோட்டீஸை மற்றப் பெண்களுக்குப் படித்துச் சொல்வது அவள்தான். கடலை மடித்த தாளைக்கூடப் பிரித்துப் படிப்பாள். அந்தப் பக்கங்கள் கிடைக்கும் நாளில் படிக்க மறந்து போயிருந்தால் என்ன செய்வது என்பது அவள் பயம்.

இரண்டு வருடம் முன்பு பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஞானம்மாள் டீச்சரைப் பார்த்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"டீச்சர், நான் சொர்ணம். அறுபத்தாறுல பத்தாவது. நூம்பல்."

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "பாதியில நின்னு போனியே, அந்தச் சொர்ணமா? நல்லா இருக்கியாம்மா?"

"நல்லாக்கீறேன் டீச்சர். அந்த ஓடக்காரன் கதை..."

"அடடே, அதுவா. கடைசியில அவன்..."

சொர்ணம் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதீங்க டீச்சர். நீங்க சொன்னா காதால கேட்டதா பூடும். நான் படிக்கணும்."

டீச்சர், "எங்கிட்ட அந்தப் புத்தகம் இல்லையேம்மா. பாடம் மாறினதும் எடைக்குப் போட்டுட்டேன்" என்றார். அவள் பிடித்த கையை விடுவித்துக்கொள்ளாமலே, "முன்னால படிக்காதீங்கன்னு நான்தானே சொன்னேன்?" என்று கேட்டார்.

"ஆமா டீச்சர். அதுல தப்பு இல்ல டீச்சர்."

அம்பத்தூர் பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டாள்.

பாடம் மாறுவதற்குள் ஆயிரம் பெண்களாவது அந்தப் புத்தகத்தைப் படித்திருப்பீர்கள். உங்களில் யாராவது அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கக் கூடும். 1965-66 பத்தாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாடம். பச்சை அட்டை. அவளுக்கு வேண்டியது ஏழாவது கதையில் எழுபத்து மூன்றாம் பக்கத்திலிருந்து எழுபத்தாறு வரை. தயவுசெய்து உங்கள் பரணில் ஏறிப் பாருங்கள். கிடைத்தால் இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு அனுப்புங்கள். மேனாம்பேட்டுக்கு நான் கொண்டுபோகிறேன். பக்கங்களைக் கிழிக்காமல் முழுப் புத்தகமாக அனுப்புங்கள். முடிவை மட்டும் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள்.