வெளியே போக அம்பு இல்லாத வட்டம்

நேற்று ஆஸ்பத்திரியில் இலக்கத் துண்டு தரும் தொடுதிரையில் தவறுதலாக 'மகப்பேறு' என்பதை அழுத்திவிட்டேன். திரும்பி வரப் பொத்தான் இல்லை. எழுபத்திரண்டு வயதில், நான்காம் இலக்கக் கர்ப்பிணியாகக் கதிரையில் இருந்தேன். அந்த இயந்திரத்தின் சூடேறிய பிளாஸ்டிக் மணம் என்னை மன்னாரில் நான் கிளாக்கராக வேலைபார்த்த ஒரு கந்தோருக்கு இழுத்துப்போனது. சண்டை முடிந்து, வீட்டுத்திட்டப் பதிவுக்குக் கணினி வந்த நாட்கள்.

அதைப் புரிந்துகொள்ள ஒரு படம் கீறினேன். ஒவ்வொரு திரையும் ஒரு வட்டம். ஒவ்வொரு பொத்தானும் அடுத்த வட்டத்துக்குப் போகும் அம்பு. (தபால் வழியாகப் படித்த கணினிப் பாடம், சிரிக்காதீர்கள்.) எந்த வட்டத்திலிருந்தும் வெளியேற ஓர் அம்பு வேண்டும். ஒன்றில் இல்லை. 'கணவர்: உயிருடன், இறந்தவர்.' உயிருடன் என்றால் அவருடைய கையெழுத்துக் கேட்கும். இறந்தவர் என்றால் மரணச் சான்றிதழ்.

கீரிக் கிராமத்து மரியாள் ஒத்திகைப் பதிவில் அங்கேதான் சிக்கினாள். உண்மையான பதிவு திறக்க ஒரு கிழமை இருந்தது. பதியாவிட்டால் வீடு இல்லை.

"ஐயா, செத்திட்டார் எண்டு நான் சொல்ல மாட்டன். கடலுக்குப் போனவர், வரேல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அந்தத் திரைகளை ஒப்புக்கொண்ட பணிப்பாளரிடம் படத்தைக் கொடுத்தேன். "என்ன ஐசே, கோலம் போடுற வயசோ உமக்கு?" என்றார், கந்தோர் முழுக்கக் கேட்க. தேத்தண்ணிக் கோப்பையை அதன்மேல் வைத்தார். நான் கீறாத ஒரு வட்டத்தோடு படம் திரும்பி வந்தது.

நான் கோபப்படவில்லை. வீட்டுத்திட்டக் கோவையை எடுத்துப் பக்கம் பக்கமாகப் படித்தேன். 'எல்லாத் திரைகளையும் நேரில் பரிசோதித்தேன்' என்று அவர் வாசிக்காமலே ஒப்பமிட்ட படிவம் இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில்: திறப்பு நாளில் வரிசையின் முதல் ஆளை ஒப்பமிட்டவரே பதிந்து காட்ட வேண்டும்.

முதல் ஆள் யாரென்பதைத் திறப்பு நாள் விடிய ஆறு மணிக்கே தீர்மானித்துவிட்டேன்.

மேலதிகாரிகள், பாதர், மௌலவி எல்லோரும் பார்த்திருக்க, பணிப்பாளர் 'இறந்தவர்' பக்கம் அம்புக்குறியை நகர்த்தினார்.

"தம்பி, என்ர மனுசனைக் கொல்லாதேங்கோ," என்றாள் மரியாள்.

'உயிருடன்' அழுத்தினார். கையெழுத்துக் கேட்டது. பின்னுக்குப் போனார், அதே கேள்வி. மறுபடியும் அதே.

"சேரும் காணாமப் போட்டார்!" என்றது வரிசையில் ஒரு குரல். மௌலவிக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"ஐசே, இதுக்குள்ளயிருந்து எப்பிடி வெளியில வாறது?" என்றார் பணிப்பாளர், என் பக்கம் திரும்பி.

படத்தை மெதுவாக விரித்தேன், மேலதிகாரியின் பக்கமாக. "வரேலாது சேர். போன கிழமையே உங்களுக்குக் காட்டினனான்."

மூன்றாம் நாள் 'தெரியாது' என்று மூன்றாவது பொத்தான் வந்தது. மரியாளுக்கு வீடு கிடைத்தது. பணிப்பாளருக்கு இடமாற்றம் கிடைத்தது. பிரியாவிடையில் அவரைப் புகழ்ந்து பேசியது நான்தான். கேக்கும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அந்தக் கணினிகள் இப்போது இல்லை. போன மாதம் அந்தக் கந்தோருக்கு ஓர் அலுவலாகப் போனபோது புதுத் திரையை எட்டிப் பார்த்தேன். உயிருடன், இறந்தவர். மூன்றாவதைக் காணவில்லை. எடுத்தது யாரென்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.