கினிப்பன்றிக்கு ஒரு கட்டு வைக்கோல்

எங்கள் தெருவில் குடியேறிய முதல் அரசாங்க ஊழியர் ஒரு கினிப்பன்றிதான் என்று மாமா சொல்வார். மாமா, அம்மாவின் தம்பி. தஞ்சாவூரில் ஓர் அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தில், ஊசி மருந்து போட்டுப் பார்ப்பதற்காக வளர்க்கும் பிராணிகளுக்குத் தீனி வைத்துக் கூண்டு கழுவுவது அவர் வேலை. தினக்கூலி என்பதால் ஊழியர் கணக்கில் அவர் தன்னைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஒருநாள், இனிமேல் உதவாது என்று கழித்துவிட்ட ஒரு கினிப்பன்றியை அவரிடம் கொடுத்து, கொன்று புதைத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். மாமாவுக்கு மனசு வரவில்லை. கம்பிக்கூண்டோடு தூக்கிக்கொண்டு பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டார். கண்டக்டர் கேட்டபோது, "மொசக்குட்டிங்க, காது இன்னும் மொளைக்கல" என்றாராம். கண்டக்டர் அதை நம்பி, கவனமாகக் கொண்டுபோகும்படி சொல்லியனுப்பினாராம்.

முயலின் முகமும் எலியின் உடம்புமாக, வால் என்று ஒன்று இல்லாத பிராணி அது. உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் பழுப்பு. பசித்தால் விசில் அடிக்கும். தெருவே அதைப் பார்க்க வந்தது. ரெண்டு நாளில் அதற்கு 'பென்ஷன்காரர்' என்று பெயர் விழுந்துவிட்டது.

மாமா அதைச் சும்மா கொண்டுவரவில்லை. அப்போது அப்பா வீட்டில் இல்லை. சம்பா முற்றி அறுப்புக்கு நின்ற நேரம். ஆட்சி மாறியிருந்தது. அறுப்புக் கூலிக்குச் சட்டமும் வந்திருந்தது. சட்டம் வந்ததே தவிர கூலி வரவில்லை. அப்பா இருந்த விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் வயலில் இறங்க மாட்டோம் என்றார்கள். பண்ணையார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். வரப்பில் தள்ளுமுள்ளு ஆனது. அதில் யாருக்கோ மண்டை உடைந்து, போலீஸ் எழுதிய வழக்கில் முதல் பெயர் அப்பாவுடையது. அன்று மாலையிலிருந்து அவரைக் காணவில்லை.

"அப்பா எங்கன்னு யாரு கேட்டாலும், முத்துப்பேட்டையில மீன் வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லு" என்று அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் அதை நம்பினேன். பொய்யைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சொல்கிறவளே அதை நம்பினால் என்ன செய்வது என்று அம்மா யோசிக்கவில்லை. வருகிறபோது அப்பா கூடை நிறைய மீன் கொண்டுவருவார் என்று தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் வாக்குக் கொடுத்திருந்தேன். நாளாக ஆக, மீனும் வேண்டாம் அப்பா வந்தால் போதும் என்று சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தேன். அதற்குத்தான் மாமா கினிப்பன்றியைக் கொண்டுவந்தார்.

அது வேலையும் செய்தது. பள்ளிக்கூடம் விட்டால் வாய்க்கால் கரையில் அருகம்புல் பறித்துக்கொண்டு ஓடிவருவேன். கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் அம்மா கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன். ஒருநாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் பார்த்தேன். அது தன் பின்னங்காலை முன்னுக்கு இழுத்து, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. பிறகு பாதத்தையே கடித்தது. மறுநாள் கம்பியில் ரத்தம் ஒட்டியிருந்தது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "நகத்தக் கடிச்சா வீட்டுக்குத் தரித்திரம்" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. எங்கள் வீட்டில் புதிதாக ஒரு தரித்திரம் வந்து உட்கார இடமிருந்ததாக எனக்குத் தெரியவில்லை. விரல் சூப்புகிற பிள்ளைக்குத் தடவுவதுபோல வேப்பெண்ணெய் தடவச் சொன்னாள். தடவினோம். அது வேப்பெண்ணெயையும் சேர்த்துக் கடித்தது. பசியாக இருக்கும் என்றார் எதிர்வீட்டுப் பெரியப்பா. அம்மா மட்டும், "ஒத்தையில கெடக்குதுல்ல. யாருகிட்ட போயி பேசும்?" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் மாமா வந்தபோது நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இருவருமாகக் கூண்டை எடுத்துக்கொண்டு டவுனில் இருந்த மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் கழிச்சல் கண்ட எருமை ஒன்றும், கொம்பு உடைந்த காளை ஒன்றும் காத்திருந்தன. டாக்டர் கூண்டைத் தூக்கி நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"படிக்கிறப்ப பாத்தது" என்றார் பிறகு. "இங்க யாருமே கொண்டாந்ததில்ல."

மேசை மேல் துண்டை விரித்து, அதை மல்லாத்திப் பிடிக்கச் சொன்னார். நகங்கள் வளர்ந்து வளைந்து, ஒன்று பாதத்துக்குள்ளேயே குத்திக்கொண்டிருந்தது. உள்ளங்கால் இரண்டும் சிவந்து புண்ணாகியிருந்தன.

"ஏன் சார் அதோட கால அதுவே கடிக்குது? பைத்தியமா?" என்றேன்.

"உனக்குக் கால்ல முள்ளு குத்துனா என்ன பண்ணுவ?"

"தேய்ச்சு விடுவேன். அம்மாகிட்ட காட்டுவேன்."

"அதுக்குத் தேய்க்கக் கையும் கெடையாது, காட்ட அம்மாவும் கெடையாது. பல்லுதான் இருக்கு. வலிக்கிற எடத்தப் பல்லால எடுத்துப் போடப் பாக்குது. நீ அதப் பைத்தியங்கிற." அவர் கோபமாகச் சொல்லவில்லை. மாமாவைப் பார்த்து, "பகலும் ராவும் கம்பி மேலயே நின்னா கால் புண்ணாகாம என்ன ஆகும்? மண்ணுல நடந்தா நகம் தானா தேஞ்சிருக்கும். இதுல இதுக்கு நம்மள மாதிரி ஒரு சங்கடமும் இருக்கு. ஆடு மாடெல்லாம் தனக்கு வேண்டிய சி வைட்டமின ஒடம்புலயே செஞ்சுக்கும். இதுக்கு வாயாலதான் போவணும். இல்லாட்டி மூட்டெல்லாம் வலி எடுக்கும். நெல்லிக்கா, கொய்யா, கொத்தமல்லித் தழ, ஏதாச்சும் தெனம் குடுங்க" என்றார்.

நகத்தை வெட்டி, புண்ணில் ஊதா மருந்து தடவினார். பென்ஷன்காரர் மருதாணி வைத்த கல்யாணப் பெண்போல ஆனார், நிறம்தான் வேறு. புறப்படும்போது டாக்டர் சொன்னார்: "முக்கியமா கம்பிய எடுத்துட்டு, பொட்டியில காஞ்ச வைக்கோல மெத்துன்னு போடுங்க. ஈரம் இருக்கக் கூடாது. முடிஞ்சா தொணைக்கு இன்னொண்ணு."

இன்னொன்று கொண்டுவருவது தன் பொறுப்பு என்று மாமா தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினார். வைக்கோல் என் பொறுப்பு.

நெல் விளையும் ஊரில் வைக்கோலுக்கா பஞ்சம் என்று தோன்றும். ஆனால் எங்கள் தெருவில் யாருக்கும் மாடு கிடையாது. வைக்கோல் வேண்டுமென்றால் பண்ணையார் வீட்டுக் கொல்லையில் நிற்கும் போரிலிருந்துதான் பிடுங்கி வருவோம். வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து பண்ணை வீட்டு வாசலையோ கொல்லையையோ எங்கள் தெருக்காரர்கள் மிதிக்கக்கூடாது என்று சங்கத்தில் கட்டுப்பாடு. அம்மாவும் அந்த வீட்டுக் கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததை நிறுத்தியிருந்தாள். கூண்டிலிருந்து ஒரு மரப்பெட்டிக்கு மாற்றி, முதலில் அதில் சாக்கைப் போட்டோம். கினிப்பன்றி சாக்கின் நூலைத் தின்றுவிட்டு, மிச்சத்தை நனைத்துவிட்டு, பழையபடி காலைக் கடித்தது.

பண்ணை வீட்டுக் கொல்லையை ஒட்டின பாதையில், வண்டி உரசிப்போகும் இடத்தில் முள்வேலியில் வைக்கோல் சிக்கியிருக்கும். பாதை பொதுவானது, வேலியின் வெளிப்பக்கமும் பொதுவானதுதான் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டதும் ஒவ்வொரு தாளாக எடுத்துப் பாவாடையில் சேர்த்தேன்.

"யாரது? முள்ளுல என்னடி பொறுக்குற?"

கொல்லைப் படலுக்கு அந்தப் பக்கம் பண்ணையாரின் மனைவி நின்றிருந்தார். எங்கள் தெருவில் அவரைப் பண்ணை வீட்டம்மா என்போம். பிள்ளை இல்லாதவர். வீட்டை விட்டு வெளியே வருவது அபூர்வம். பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடப் பார்த்தேன். ஆனாலும் விஷயம் கினிப்பன்றியைப் பற்றியது என்பதால் பேச்சு தானாக வந்தது. கம்பி, நகம், மூட்டுவலி, நெல்லிக்காய் என்று டாக்டர் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் படல் மேல் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வலிச்சா சொல்லத் தெரியாமத்தான் தன்னையே கடிக்குதா?" என்றார்.

"ஆமாங்கம்மா. பைத்தியம் இல்லைங்க."

அவர் திரும்பி வைக்கோல் போருக்குப் போனார். அங்கே வேலையாட்கள் யாரும் இல்லை. தானே இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வழக்கமில்லாததால் வைக்கோல் வரவில்லை; வந்தபோது மொத்தமாக வந்து அவர் மேலேயே விழுந்தது. தலையிலும் வளையலிலும் ஒட்டிய தாள்களோடு ஒரு கட்டு கட்டிப் படலுக்கு மேலே நீட்டினார்.

"அப்பா எங்க?"

"முத்துப்பேட்டையில மீன் வேலைக்குப் போயிருக்காருங்க."

"நல்லா சொல்லு, இப்படியே சொல்லு." அவர் சிரிக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாகிட்ட நான் ஒண்ணு சொன்னேன்னு சொல்றியா? நாளைக்கு எங்க வீட்டுல விடியறதுக்கு முன்னாடியே இட்லி ஊத்தணும். ஒரு வேன் ஆளுக்கு. கொல்லையில பாத்திரம் கழுவ உங்கம்மா இருந்தா எவ்வளவு ஒத்தாசையா இருக்கும்னு சொன்னேன்னு சொல்லு. மறந்துடாத" என்றார்.

வைக்கோல் கிடைத்த சந்தோஷத்தில் எதை மறப்பேன். ஓடி வந்து அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். பண்ணை வீட்டில் வாங்கியதற்கு அடி விழும் என்று ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவ சொல்லு. அவங்க சொன்ன மாதிரியே சொல்லு" என்றாள். சொன்னேன். "ஒரு வேன் ஆளுக்கா? விடியறதுக்கு முன்னாடியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

"நீ போயி அதுக்குப் படுக்கையப் போடு. நான் உப்பு வாங்கிட்டு வரேன்."

அம்மா போய் வெகுநேரம் கழித்து, இருட்டும் சமயம் திரும்பி வந்தாள். கையில் உப்பு இல்லை. அன்று உப்பில்லாத குழம்பைத்தான் சாப்பிட்டோம். உப்பு வாங்கப் போனவள் உப்பை மறந்துவிட்டாள் என்று அத்தையிடம் சொல்லிச் சிரித்தேன். அத்தை சிரிக்காமல் என் தலையைத் தடவினாள்.

எனக்கு அன்று சிரிக்க வேறு காரணமும் இருந்தது. மறுநாள் காலையில் அப்பா வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். மூச்சு விடவில்லை நான். கினிப்பன்றியை அப்பாவிடம் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் வைக்கோலுக்கு அவ்வளவு அவசரப்பட்டேன்.

விடிகிற நேரம் தட்டியைத் தள்ளிக்கொண்டு யாரோ வந்தார்கள். அப்பா என்று எழுந்து ஓடினேன். போலீஸ். தெரு முழுக்க நின்றார்கள். நெல் குதிருக்குப் பின்னால், பரணில், கோழிக்கூடையில் எல்லாம் தேடினார்கள். அம்மா சுவரோடு நின்றாள். வயதான ஒரு போலீஸ்காரர் மூலையில் இருந்த பெட்டியின் துணியை விலக்கிவிட்டு, திடுக்கிட்டுப் பின்வாங்கினார்.

"என்ன பாப்பா இது? காலெல்லாம் ஊதாவா இருக்கு?"

அவருக்கும் முழுக்கதையும் சொன்னேன். கம்பி மேலேயே நின்றால் காலில் புண் வரும் என்ற இடத்தில் அவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் இதே கேஸுதான். வைக்கோலு போட்டா யாரு நிக்க விடுறா?" என்றார். வாசலில் நின்ற அதிகாரி அதட்டவும், துணியைப் பழையபடி மூடிவிட்டுப் போனார். யாரும் கிடைக்கவில்லை. வேன் பண்ணை வீட்டுப் பக்கம் திரும்பியது. இட்லி ஆறியிருக்காது என்று நினைக்கிறேன்.

அப்பா வரவில்லை. மதியம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து என்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அவள் முகம் அழுதது மாதிரியும் இருந்தது, கும்பிட்டது மாதிரியும் இருந்தது. எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. அப்பா வராததைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை என்று தோன்றியது.

பல வருஷம் கழித்து, நான் வேலைக்குப் போன பிறகு, பண்ணை வீட்டம்மா இறந்துபோனார். அம்மா அந்த வீட்டுக்குப் போய், சொந்த அக்காள் செத்ததுபோல அழுதாள். அப்பா தெருமுனையில் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தூக்கிக்கொண்டு போகும் வரை வெயிலில் நின்றார். அவரோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்ட வீடு அது. ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன். "அன்னிக்கு அந்தம்மா இட்லி ஊத்துறேன்னு சொல்லிவிடலன்னா உங்கப்பன் போலீஸ் கையில மாட்டியிருப்பாரு. மாட்டுனவங்க சில பேரு திரும்பி வந்தபோது நடந்து வரல" என்றாள் அம்மா. சொல்லிவிட்டது அந்தம்மா, கொண்டுவந்து சேர்த்தது நான். எதைச் சுமந்து வந்தேன் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. கட்டிய புருஷனுக்குத் தெரியாமல் அவர் ஏன் அதைச் செய்தார் என்பது இன்றும் தெரியாது. அம்மாவும் கேட்டதில்லையாம்.

ஆனால் சிறுமியான எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அப்பா வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. அறுப்பு முடிந்து, பேச்சுவார்த்தை முடிந்து, வழக்கும் ஒருவழியாகத் தீர்ந்து அவர் வீடு திரும்பியபோது, கினிப்பன்றியின் காலில் ரோமம் முளைத்திருந்தது. மாமா கொண்டுவந்த ஜோடியோடு அது வைக்கோலுக்குள் புகுந்து விளையாடிக்கொண்டிருந்தது. இளைத்துக் கறுத்துப்போன அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இதுதான் உன் பென்ஷன்காரரா?" என்று கேட்டார். நான் பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அதை அவர் தொடவும் விடவில்லை.

"வரேன்னு சொன்னீங்க. வரல."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தப்புதாம்மா. சொன்னா வரணும். அப்பா வரலதான்."

அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. இனிமேல் இப்படிச் செய்யக்கூடாது என்று கண்டித்துவிட்டு, அவரை மன்னித்தேன்.