வாய்க்காலுக்கு அக்கரையில் மைதானம்

எழுபதுகளில் வாலிபால் ஆடிப் பிழைக்க எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றே. ஏதேனும் ஒரு தொழிற்சாலை அணி நம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலையும் கொடுத்து, ஆண்டு முழுவதும் ஊர் ஊராக ஆட வைப்பார்கள். கல்லூரி அணியில் நெட்டருகே எழும்பி அடிப்பவன் நான். கடைசி ஆண்டில், எர்ணாகுளத்து அணி ஒன்றின் கோச் எங்கள் ஆட்டத்தைப் பார்க்கப் பெருமாட்டிப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்துக்கு வருவதாகச் செய்தி வந்தது. அந்தப் பள்ளி மைதானத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே ஒரு வாய்க்கால், அதுவே ஊரெல்லை.

மகன் தேறினால் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவான் என்று அம்மா நேர்ந்துகொண்டாள். ஆனால் கோயில் நோன்பு முதலில் வந்தது. ஆட்டம் அதற்குப் பிறகு. "நேந்தத முன்னாடியே குடுத்தா அம்மன் வேண்டாங்குமா கண்ணு?" என்றாள். பூசாரி என் வலது மணிக்கட்டில் மஞ்சள் நூலைக் கட்டினார். அதை அவிழ்க்கும் வரை ஊரெல்லை தாண்டலாகாது.

கட்டிய மறுநாள், ஆட்டத்தை அந்த வாரத்துக்கே முன்தள்ளிவிட்டார்கள்.

பூசாரியிடம் போனோம். "பங்காளி ஒருத்தருக்கு மாத்திக் கட்டிப்போடலாமுங்க. குத்தமில்லீங்க," என்றார். அம்மா என் மணிக்கட்டையே பார்த்தாள். காப்பை அவிழ்த்துவிட்டுப் போய் நான் தேறாமல் வந்தால், அவள் தன்னையே நொந்துகொண்டு மீதி நாளைக் கழிப்பாள். "வேண்டாமுங்க, இருக்கட்டும்," என்றேன். அதைச் சொன்னபோதே உள்ளே ஏதோ மரத்துவிட்டது.

ஆட்டத்தன்று வாய்க்கால் கரையில் நின்று பார்த்தேன். என் இடத்தில் என் சிநேகிதன் ஆடினான். கரைக்கு உருண்டு வந்த பந்தை எடுக்க வந்தவன், "ஏனுங் மாப்ளே, ஒரு தாண்டுதானே. அம்மன் கண்ண மூடிக்க மாட்டாளா?" என்றான்.

"நீ போய் ஒழுங்கா அடி. நெட்டத் தொட்டுட்டே இருக்கற," என்றேன்.

இடைவேளையில் அவன் சொல்லி, கோச் எதிர்க்கரைக்கு வந்தார். மலையாளியானாலும் தமிழில் பேசினார். "ஒண்ணு அடிச்சுக் காமி மோனே," என்று பந்தை என் பக்கமாக உயரத் தூக்கிப் போட்டார். நெட் இல்லாத வெட்டவெளியில் எழும்பி அடித்தேன். பந்து அவர் காலடி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு மைதானத்துக்குள் போயிற்று.

அவர் அதைத் திரும்பிப் பார்த்தார். "கை கொள்ளாம், நல்ல அடி. பட்சே, கோர்ட்ல பாக்காத ஆள எடுத்தேன்னு ஆபீஸ்ல எங்ஙன பறயும்?"

"அடுத்த வருசம் வருவீங்களா?"

"வரும். நீ காலேஜ்ல இருக்காதல்லோ."

அன்று மாலை என் சிநேகிதனைத் தேர்ந்தெடுத்தார்கள். செய்தி சொல்ல வந்தவன் வாசலிலேயே நின்றான். உள்ளே அழைத்துச் சாப்பிட வைத்தேன். அவன் மேல் கோபமில்லை, மகிழ்ச்சியும் இல்லை. பதிகங்களில் அடியார் அழைத்தால் ஆண்டவன் ஓடி வருவான். எனக்கு அழைக்கத் தோன்றவில்லை.

நோன்பின் கடைசி நாள் தீச்சட்டி ஏந்திக் கோயிலைச் சுற்றினேன். இறக்கியதும் அம்மா என் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள்.

"சுட்டுச்சா கண்ணு?"

"இல்லீங்மா."

"அம்மன் இருக்கறா," என்று அந்தக் கைகளைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அன்று எனக்கு வேறெதுவும்கூடச் சுடவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.