இளவரசியின் பாதி நிழல்

மைதா மாவைக் கரைத்து அடுப்பில் காய்ச்சும்போது, பூச்சி அரிக்காமல் இருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தத்தைப் பொடித்துப் போட்டால், பசை லேசாக நீலம் பாரித்து, புளித்த கஞ்சியும் துருப்பிடித்த இரும்பும் கலந்தது போன்ற ஒரு வாடை எழும்பும். அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில், எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து அந்த வாடை வந்தால் ஏதோ ஒரு தொடர்கதை முடிந்துவிட்டது என்று அர்த்தம். வாரப் பத்திரிகையில் வரும் தொடரை வாரா வாரம் கிழித்தெடுத்து, துணிப் பெட்டிக்கு அடியில் அடுக்கி வைத்து, கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டி "பைண்டு" போடுவது அப்போது பல வீடுகளில் நடந்த காரியம். எங்கள் வீட்டில் அதைச் செய்தவள் என் அக்கா செல்வி. "சோறு ஆக்கற ஏனத்துல வெஷத்தக் காச்சறா பாரு" என்று அம்மா பின்னாலேயே கத்திக்கொண்டு வருவாள்.

அக்கா பைண்டு போட்ட கதைகளில் ஒன்று சினிமாவாக வந்து, அதைப் பற்றித்தான் இப்போது ஊரெல்லாம் பேச்சு. அதன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை; எழுதினால் புத்தகக் கட்சி ஒரு பக்கமும் படக் கட்சி ஒரு பக்கமும் என்னிடம் சண்டைக்கு வரும், எனக்கு அந்த இரண்டு கட்சியுமே வேண்டாம். எங்கள் வீட்டில் அதற்குக் "கோட்டைக் கதை" என்று பெயர். எதிரியின் மாயக் கோட்டைக்குள் நுழைய வேண்டிய ஓர் இளவரசி, வாசலைக் காக்கும் பூதம் கூலி கேட்டதால், தன் நிழலையே கழற்றி அதனிடம் அடகு வைத்துவிட்டு உள்ளே போகிறாள். நிழல் இல்லாதவளை வெயில் சுடும், நாய் குரைக்கும், சொந்த ஜனமே பேய் என்று கல்லால் அடிக்கும். அந்த வாரம் கதைக்குப் போட்டிருந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு, நானும் தெருப் பிள்ளைகளும் நடுமத்தியானத்தில் காலடியைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறோம்.

பத்திரிகை வாங்கியது நாங்கள் இல்லை. எங்கள் மாடியில் குடியிருந்த டீச்சரம்மா வாங்குவார், படித்து முடித்ததும் அக்காவிடம் தருவார். இளவரசி நிழலை மீட்கப் போகும் வாரம் பார்த்து டீச்சரம்மா ஊருக்குக் கிளம்பினார். ரயிலில் படிக்க எடுத்துப்போன பத்திரிகையை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார். அக்கா கடைக்கு ஓடினாள். விற்காத பிரதிகளை ஏஜென்டுக்குத் திருப்பி அனுப்பியாயிற்று என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அடுத்த இதழின் முன்கதைச் சுருக்கத்தில் 'இளவரசி தன் நிழலை மீட்டுக்கொண்டு கோட்டையைவிட்டு வெளியேறினாள்' என்று ஒரே ஒரு வரி இருந்தது. எப்படி மீட்டாள்? எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அக்கா, "என் கூட படிக்கற பொண்ணு ஊட்ல இருந்துச்சிடா, படிச்சிட்டேன்" என்றாள். மாடிப்படியில் நாங்கள் ஐந்தாறு பேர் படிக்கு ஒருவராக உட்கார்ந்தோம். அக்கா சொன்னாள்: இளவரசி யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், கத்தி இல்லாமல், பூதத்திடம் திரும்பிப் போனாள். "என் நெழல வெச்சிக்கினு நீ இன்னா பண்ணே?" என்று கேட்டாள். பூதம் வெட்கப்பட்டுக்கொண்டு, "பக்கத்துல உக்கார வெச்சிக்கினு பேசிக்கினு இருந்தேன், எனக்கு வேற யாரு கீறாங்க" என்றது. இளவரசி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நிழலை நடுவில் இரண்டாகக் கிழித்தாள். பாதியைப் பூதத்துக்குக் கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் ஆயுசு முழுக்க அவளுக்குப் பாதி நிழல்தான். யாராவது காரணம் கேட்டால் சிரிப்பாளே தவிர சொல்ல மாட்டாள்.

இதைச் சொல்லி முடித்தபோது எங்களில் ஒருவனும் எழுந்திருக்கவில்லை. கதை முடிந்து, பைண்டு போட்டு, அப்புறம் எத்தனையோ கோடை விடுமுறைகளில் அக்கா அந்தப் புத்தகத்தை எங்களுக்கு உரக்கப் படித்திருக்கிறாள். அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, விட்டுப்போன அத்தியாயத்தை வாயால் சொல்லுவாள். பிறகு நிமிர்த்தி மேலே படிப்பாள். ஒவ்வொரு தடவையும் அதே சொற்கள், அதே நிறுத்தம். மற்றப் பக்கங்களில் கொட்டாவி விட்ட பிள்ளைகள்கூட அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். எந்தப் பகுதி அச்சில் இருந்தது, எது அவள் வாயில் இருந்தது என்ற வித்தியாசமே எங்களுக்கு இல்லாமல் போயிற்று.

பெரியவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் விழுந்த தூசி. "கத படிச்சி எவ கலெக்டர் ஆனா?" என்பார் அப்பா. "பூதத்துக்குக் கூலி குடுக்கறது இருக்கட்டும், மொதல்ல தண்ணி புடி" என்பாள் அம்மா. பெரியப்பா இன்னும் ஒரு படி மேலே போய், "வாய் நீண்ட பொண்ணு வாழற ஊட்ல தங்காது" என்று சாபம் மாதிரியே சொல்லுவார். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்தவள் காலேஜுக்கு விண்ணப்பம் வாங்கிவரச் சொல்லி அழுதாள். டீச்சரம்மாவே கீழே இறங்கி வந்து அப்பாவிடம் பேசிப் பார்த்தார். "வாடகைக்குக் குடி வந்தவங்க வாடகையோட நில்லுங்க" என்று அப்பா சொன்னதும் அவர் படியேறிப் போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தத் தை மாதமே அக்காவைக் குமணன்சாவடியில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கும்போது, "மங்களகரமான ஊட்ல எதுக்குக் குப்ப" என்று அவள் பைண்டுகள் அத்தனையையும் பட்டாணிக் கடைக்குப் பொட்டலம் மடிக்க எடைக்குப் போட்டார்கள். அவற்றைத் தூக்கிப்போனவர் என் பெரியப்பா, அதுவும் சிரித்துக்கொண்டே. அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. செத்துப்போனவரை மன்னித்தால் புண்ணியம் என்கிறார்கள், அந்தப் புண்ணியம் எனக்கு வேண்டாம்.

எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டு இப்போது அதே மனையில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. பங்காக வந்த ஒரு வீட்டில் நான் இருக்கிறேன். மற்ற வீடுகளில் மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலி என்று பல ஊர்களிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள். கோட்டைக் கதையைப் பெரிய செலவில் படமாக எடுத்து வெளியிட்டதும் இவர்களுக்குள் மூண்டது சண்டை. பூதத்துக்குக் கொம்பு வைத்தது தப்பு என்று ஒரு கூட்டம், சினிமா என்றால் மாற்றத்தான் வேண்டும் என்று ஒரு கூட்டம். லிப்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அளவுக்கு முற்றி, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடியிருப்போர் சங்க ஹாலில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது என்று முடிவானது. தண்ணீர் லாரிப் பிரச்சினைக்குக்கூட அந்த ஹாலில் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

நான் போயிருக்கக் கூடாது. போனேன். கொம்பு, குதிரை, கிரீடம் என்று அவர்கள் அடித்துக்கொண்டதைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "இதையெல்லாம் உடுங்கப்பா. போஸ்டர்ல இளவரசிக்கு முழு நிழலைக் காட்டியிருக்கானே, அதை ஒருத்தரும் கேக்கலையே? பாதியைப் பூதத்துக்குக் கிழிச்சுக் குடுத்துட்டுத்தானே வர்றா? கதையோட உயிரே அதுதானே?" என்று கேட்டேன். பிறகு கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன், புத்தகக் கட்சிக்காரன், மரியாதையாகத்தான் சொன்னான்: "அப்படி ஒரு இடமே கதையில் இல்லைங்களே சார்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நீ பொறக்கறதுக்கு முன்னாடி வாரா வாரம் படிச்சவன் தம்பி நான்" என்றேன். அவன் கையிலிருந்த தடிப் புத்தகத்தைப் புரட்டி அந்த அத்தியாயத்தை எடுத்துக் கொடுத்தான். எங்களுக்குத் தப்பிப்போன அத்தியாயம். இத்தனை வருஷம் கழித்து, அத்தனை பேர் முன்னால், நின்றுகொண்டே படித்தேன். இளவரசி பூதத்தின் முன்னால் மயங்கி விழுகிறாள். எங்கிருந்தோ இளவரசன் வருகிறான், அம்பு விடுகிறான், பூதம் சாகிறது, நிழல் தானாக ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறது, இளவரசி அவன் காலைத் தொட்டுக் கும்பிடுகிறாள். முடிந்தது. படத்திலும் அச்சு அசல் அதேதானாம். "வேற ஏதாவது கதையோட குழப்பிக்கிட்டீங்க போல அங்கிள்" என்று படக் கட்சிப் பெண் ஒருத்தி சிரித்தாள். அன்றைக்குத்தான் இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்தது, என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு.

அவமானம் கொஞ்ச நேரத்தில் ஆறிவிட்டது. அப்புறம் வந்ததுதான் ஆறவில்லை. பள்ளிக்கூடத் தோழி வீட்டில் பத்திரிகையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை; தம்பி சோறு இறங்காமல் படுத்திருக்கிறானே என்று, பாவாடை தாவணி போட்ட ஒரு பெண், ஒரே நாளில், எழுதினவருக்குத் தோன்றாத ஒன்றை யோசித்து, யாரோ எழுதினதாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். 'நானே யோசித்தது என்று சொன்னால் எவன் கேட்பான்' என்று அந்த வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளைப் பிடித்து உதிரிபாகக் கடைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார வைத்தார்களே, பாவிகள்.

அடுத்த நாளே குமணன்சாவடிக்குப் போனேன். மெட்ரோ தூண்களுக்குக் கீழே வண்டிகள் நகர மாட்டேன் என்றன. வழியெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவள் மருமகளோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, கோட்டைக் கதை படம் பாத்தியா?"

"ம். இவ போன்ல போட்டுக் காமிச்சா. நல்லாத்தான்டா எடுத்துகீறான். அந்த ராஜகுமாரன் வந்து அம்பு உடறான் பாரு, நான் அழுதுட்டேன்."

"அது இல்லக்கா. நீ எங்களுக்குச் சொன்னது வேற. பாதி நிழலைக் கிழிச்சு பூதத்துக்குக் குடுப்பாளே."

கை ஒரு கணம் நின்றது. நின்றதை நான் பார்த்தேன். பிறகு கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். "நானா சொன்னேன்? புக்குல இருந்தத தானடா படிச்சிக் காமிச்சேன்."

"புக்குல இல்லக்கா. நேத்துதான் பாத்தேன். அது நீயா சொன்னது. எழுதினவரோடதவிட அதுதான் நல்லா இருக்கு. சத்தியமா சொல்றேன்."

மருமகள் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது, சந்தோஷத்தில் இல்லை. எதையோ திருடி அகப்பட்டுக்கொண்டவள் மாதிரி அவசர அவசரமாகக் கீரையை முறத்தில் தள்ளினாள்.

"போடா பைத்தியம். சின்னப் புள்ளைல இன்னா உளறினேனோ. எழுதனவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போவுது? இதப் போய் வெளிய யார்கிட்டயும் சொல்லிக்கினு திரியாத, மாமா காதுல உழுந்தா சிரிப்பாரு."

கீரை கடைந்து சோறு போட்டாள், சாப்பிட்டேன், மோர் ஊற்றினாள், குடித்தேன். கிளம்பும்போது, படம் இரண்டாம் பாகம் எப்போது வரும் என்று விசாரித்தாள்.

மாடி வீட்டைக் காலி செய்த பிறகு டீச்சரம்மா எந்த ஊருக்குப் போனார் என்று தெரியவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்த பிள்ளைகளில் இரண்டு பேருக்குப் போன் போட்டுப் பார்த்தேன். கதையே ஞாபகம் இல்லை என்றார்கள். சங்க ஹாலில் இப்போது இரண்டாம் பாகத்தைப் பற்றிச் சண்டை நடக்கிறது, நான் போவதில்லை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, அந்தக் காலத்தில் எவ்வளவு நன்றாக இருந்தது என்று தயவுசெய்து யாரும் எனக்கு எழுத வேண்டாம். நன்றாக இருக்கவில்லை. பதினேழு வயது வரைக்கும் ஒருத்தி இருந்தாள், அவளை எனக்குத் தெரியும். என்னைத் தவிர அவளைத் தெரிந்தவர்கள் இப்போது ஒருவரும் இல்லை, எங்கள் அக்கா உட்பட.