கிணற்றில் போட்ட பொட்டலம்

வெளிச்சத்தோடு வெளிச்சம் சேர்ந்தால் இருட்டாகும் என்று எனக்குக் காட்டியவன் என் அண்ணன். வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அவன் விருதுநகர் காலேஜில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்த காலம் அது. லீவுக்கு வந்தவன், ஒரு கண்ணாடித் துண்டைச் சிம்னி விளக்கில் காட்டிக் கரி படியவைத்தான். இரண்டு பிளேடுகளை ஒட்டிப் பிடித்து அதன்மேல் ஒரு இழுப்பு. மயிரிழை இடைவெளியில் இரண்டு கீறல் விழுந்தது. அதைக் கண்ணோடு வைத்து, தூரத்தில் பட்டாசுக் கம்பெனி வாசல் பல்பைப் பார்த்தேன். வெளிச்சம் வரிவரியாக நின்றது, நடுநடுவே இருட்டு.

“ஒவ்வொரு துளி வெளிச்சமும் ரெண்டு கீறல் வழியாவும் போகுது தாயி. எந்த வழியா வந்துச்சுன்னு தடயம் இல்லாம மறுபடி சேந்தாத்தான் இந்த வரி விழும்” என்றான். நானும் பௌதிகம்தான் படிப்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அய்யாவிடம் கேட்டேன். அண்ணன் மேல்படிப்புக்கு மெட்ராஸ் போக வேண்டும், இரண்டு பேரைப் படிக்கவைக்க முடியாது என்றார். காரியாபட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரும் வந்துபோயிருந்தார்கள். சாப்பிடாமல் முரண்டுபிடித்தேன். அண்ணன்தான் வழி சொன்னான்.

“சாமிகிட்டப் பூக்கட்டிப் பாப்பம். வெள்ள வந்தா காலேஜு, செவப்பு வந்தா கல்யாணம்.”

நந்தியாவட்டையும் செவ்வரளியும் அவனே பறித்து வந்தான். பட்டாசு லேபிள் அச்சடித்து வீணான தாளில் அவனே இரண்டு பொட்டலமும் கட்டினான். வழக்கமாகச் சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். நானே எடுப்பேன் என்று அடம்பிடித்து, அம்மன் முன்னால் வலதுபக்கம் இருந்ததை எடுத்தேன். சிவப்பு. “சாமி சொன்ன பெறகு மத்தத பிரிக்கக் கூடாது” என்று இன்னொன்றை அண்ணன் கோவில் கிணற்றில் போட்டுவிட்டான்.

கல்யாணம் ஆனது. காரியாபட்டியில் மிளகாய்ப் பழம் பறிக்கும்போதெல்லாம் என் கையைப் பார்த்துப் பார்த்து நொந்துகொள்வேன். கொஞ்சம் இடதுபக்கம் போயிருக்கக் கூடாதா இந்தச் சனியன் பிடித்த கை?

சில வருஷம் கழித்து ஒரு பொங்கலுக்கு அம்மா வீட்டில் இருந்தேன். ஆராய்ச்சி மாணவனாகியிருந்த அண்ணனும் வந்திருந்தான். அவனோடு இலை முன்னால் உட்கார்ந்தபடி பழசைப் பேசி அழுதேன்.

“அழாத தாயி. அமெரிக்காவுல ஒருத்தர் எழுதியிருக்காரு. நடக்கக்கூடியது எல்லாமே நடக்குதாம். ஒலகமே கிளை விட்டுருது. ஒரு கிளையில நீ செவப்ப எடுத்த. இன்னொண்ணுல வெள்ளைய எடுத்துக் காலேஜுக்குப் போயிட்ட.”

“அவள நான் பாக்க முடியுமாண்ணே?”

“முடியாது. கீறல் வழியா வந்த வெளிச்சம் மறுபடி சேந்துச்சுல்ல? ஒலகம் பிரிஞ்சா அப்படிச் சேராது. அம்புட்டு எடத்துலயும் தடயம் விழுந்துருது.”

எனக்கு ஆறுதலாக இருந்தது. தாவணி கட்டி, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து, விருதுநகர் பஸ்ஸில் போகிற அவளை நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

ரசம் ஊற்ற வந்த அம்மா அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். “பொட்டலத்துல வெள்ளப் பூவு எங்கன இருந்துச்சு? ரெண்டுலயும் செவப்பத்தான வச்சுக் கட்டுன? சாமி விசயத்துல வெளையாடாதலேன்னு ஒங்கய்யாகூட வஞ்சாகல்ல?”



அப்படியானால் என் கை எந்தப் பக்கம் போயிருந்தாலும் செவ்வரளிதான். பஸ்ஸில் போனவள் எந்தக் கிளையிலும் இல்லை. ஏமாற்றியதைக்கூட ஒரு நாள் மறந்திருப்பேன். ஏமாற்றிவிட்டு, இல்லாத ஒருத்தியைக் காட்டி என்னைத் தேற்றினானே, அதை எப்படி மறப்பேன்?

“அண்ணே, நீ வெள்ளப் பூவ வச்சுக் கட்டுன ஒலகம் ஒண்ணாச்சும் இருக்கா?” என்று கேட்டேன்.

ரசம் அவன் இலையை விட்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. அவன் சோற்றால் அணை கட்டக்கூட இல்லை.