கெஞ்சாத மனு

தினமும் காலையில் தெயனீரா மகளின் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுப்பாள். அந்தக் குழி நிறைய எத்தனை நொடி ஆகிறதென்று எண்ணுவாள். மகள் யூலியத்துக்குப் பதினொரு வயது; உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோய், அது சிறுநீரகத்தைப் பாதித்ததில் கால் வீங்கியிருந்தது. டாக்டர் எழுதிய ரிட்டுக்சிமாப் மருந்தை, பெரியவர்களுக்குத்தான் அனுமதி என்று காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது.

நெய்வா நகர நீதிமன்ற வாசலில் மனு தட்டச்சு செய்பவன் நான்; நிறுவனத்தின் மேல் வழக்குப் போட தெயனீரா என்னிடம் வந்தாள். வழக்கம்போல் "தயைகூர்ந்து" என்று தொடங்கினேன்.

"அதை எடு முதல்ல! நான் என்ன பிச்சையா கேக்குறேன் தம்பி? அவ ரத்தத்துல இருக்குற செல்லே அவ கிட்னியத் தின்னுது. அதை அழிக்கிற மருந்துக்கு இவனுங்க வயசு பாக்குறானுங்க!"

"கோவமா எழுதினா நீதிபதி..."

"அவரும் கோவப்படட்டும்!"

அவள் சொன்னபடியே கெஞ்சாமல் எழுதிய மனுவுக்குப் பத்தாம் நாள் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, யூலியத்துக்கு மருந்து ஏறியது. காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டவர் பல் டாக்டர் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.