டாக்டர் கேட்ட சன்

இந்த ஊரில் வெயில் அடித்தால் அதை ஒரு சேதியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா கதவைத் தட்டி, "லவ்லி டே" என்று வானத்தைக் காட்டிவிட்டு, புல்தரையில் போர்வை விரித்துப் படுத்துவிடுவாள். இங்கிலாந்தில் இந்த பிராட்ஃபோர்டுக்கு வந்த புதிதில் எனக்குச் சிரிப்புத் தாங்காது. எங்கள் கோம்பையில் சித்திரை வெயிலுக்கு நாய்கூட நிழல் தேடும். நான் கிளம்பிய அன்று தேனி பஸ் ஸ்டாண்டில் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கன வெயிலே கெடையாதாம்லத்தா. பெறக்குற பிள்ளை செவசெவன்னு இருக்கும். மொதல்ல பையனாப் பெத்துரு" என்றார். பிறந்தது செல்வி. செவசெவ என்றுதான் இருந்தாள்.

இரண்டு வயதாகியும் அவள் நடக்கச் சிணுங்கினாள். நிறுத்திவைத்தால் கால்கள் வில்லாக வளைந்தன. வீட்டுக்காரர் பஞ்சாலையில் ராத்திரி வேலை பார்த்துவிட்டுத் தூங்கியதால் நான் மட்டும் டாக்டரிடம் தூக்கிப் போனேன். மீன் உண்டா, முட்டை உண்டா என்று கேட்டார். "ரைஸ், ரசம்" என்றேன். காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "நோ சன்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஊரில் கேட்கிற கேள்வியை இவருமா கேட்பார்? "நோ சன். ஒன்லி டாட்டர்" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் திருதிருவென்று விழித்து ஜன்னலைக் காட்டினார். வெளியே தூறல்தான் தெரிந்தது.

மறுநாள் வீட்டுக்காரர் போய் விசாரித்து வந்தார். "ஏ கிறுக்கி, அவுக பையனக் கேக்கல, வெயிலக் கேட்டிருக்காக. வெயிலும் படாம, மீனு முட்டையும் திங்காம, வைட்டமின் டி இல்லாமப் போச்சாம். எலும்பு வலுவில்லாம வளையுதாம்."

"நேராயிருமாங்க?"

"சொட்டு மருந்து குடுத்திருக்காக. பாப்பம்னுதான் சொல்றாக."

கோம்பையில் மிளகாய்க்கும் நெல்லுக்கும் போக மிச்ச வெயில் தெருவில் சும்மா கிடக்கும். ஊரில் இருப்பவர்களே, அதில் ஒரு கையளவு இங்கே கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை. சொட்டு மருந்து ஊற்றுகிறேன். முட்டையை ஊட்டினால் துப்புகிறாள். கால் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பயமாக இருக்கிறது.

இன்று மத்தியானம் பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டினாள். செல்வியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் படிக்கு ஓடினேன். மடியில் போட்டு அவள் கால்களை வெயிலில் நீட்டிவிட்டேன். கண் கூசிச் சிணுங்கினாள். என் கை, என்னைக் கேட்காமலே, முந்தானையை இழுத்து அவளை மூடியது.